அரிய மண் தேடி வெளிநாடு போகிறீர்களா? சாமல்பட்டியில் தொடங்குங்கள்

நிலவியல் படித்துவிட்டு, அரிய மண் தனிமங்களைத் தேடும் வெளிநாட்டுக் கம்பெனிகளில் வேலைக்குப் போக நினைக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சேலத்தில் எம்.எஸ்சி. முடித்த கையோடு ஊத்தங்கரைக்கு என்னைத் தேடி வந்து, "அக்கா, ஆப்பிரிக்காவில் ஒரு வேலை வந்திருக்கிறது, போகலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். 2025 ஏப்ரலில் சமேரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுடீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு இந்தத் துறையின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வந்திருக்கும் மாவட்டம் இது. அப்படிப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவற்றின் மோட்டார்க் காந்தத்துக்குள் நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன. சூட்டைத் தாங்க டிஸ்புரோசியமோ டெர்பியமோ கொஞ்சம் சேர்ப்பார்கள்.

வருகிறவர்கள் சம்பளத்தையும் விசாவையும் பற்றியே கேட்கிறார்கள். நான் அவர்களிடம் முதலில் சொல்வது வேறு. தேடல் கம்பெனிக்கு விற்க ஒரு பிடி சரக்கு கிடையாது. துளை போட்டு, மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் இருந்து வாங்கும் எண்கள்தான் அதன் ஒரே சொத்து. அந்த எண்களை நம்பித்தான் யாரோ பணம் போடுகிறார்கள், ஓர் அரசு உரிமம் தருகிறது, ஒரு கிராமம் நிலத்தை விட்டுக்கொடுக்கிறது. அந்த எண் நேர்மையானதா என்பது பெரும்பாலும் களத்தில் வெயிலில் நிற்கும் இளம் நிலவியலாளரின் கையில் இருக்கிறது. எனவே அந்தக் கையை எப்படித் தயார்செய்வது என்பதைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் ஊர்ப் பாறையைப் பாருங்கள்

உலகில் அரிய மண் தனிமங்களின் பெரிய இருப்புகள் பல கார்பனடைட் என்ற பாறையோடு தொடர்புடையவை. எரிமலைக் குழம்பிலிருந்து உருவான பாறைதான். ஆனால் அதில் பாதிக்கு மேல் கால்சைட், டோலமைட் போன்ற கார்பனேட் கனிமங்கள் இருக்கும். கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட், தான்சானியாவின் நுவாலா, மலாவியின் சோங்வே, கங்கன்குண்டே என்று நீங்கள் கேள்விப்படும் பெயர்களில் பல இந்தப் பாறையைச் சேர்ந்தவை.

அதே வகைப் பாறை நம் வாசலிலேயே கிடக்கிறது. ஜோலார்பேட்டை – சேலம் ரயில் பாதையில் இருக்கும் சாமல்பட்டியைச் சுற்றி சயனைட் (syenite), பைராக்சினைட், டியூனைட் என்ற பாறைகளோடு கார்பனடைட்டும் வெளியே தெரிகிறது. சற்று வடக்கே திருப்பத்தூர்ப் பக்கம் செவ்வாத்தூர். இவை ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டு வயதுடையவை. தருமபுரியின் மறுகோடியில் ஒகேனக்கல் பக்கம் இருக்கும் கார்பனடைட் சுமார் 240 கோடி ஆண்டு பழையது, உலகின் மிகப் பழைய கார்பனடைட்களில் ஒன்று. அருவியைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். நிலவியல் மாணவர்களாவது இந்தப் பாறைக்காகவும் ஒருமுறை போகவேண்டும். காப்புக்காட்டுக்குள் கால்வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். பட்டா நிலமானால் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். வெளிநாட்டில் போய்ப் பழக வேண்டிய முதல் ஒழுக்கம் அது, ஊரிலேயே பழகலாம்.

சாமல்பட்டிக்குப் போகும்போது சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சிறு சொட்டுப் புட்டி, காந்தம் ஆகியவை போதும். கார்பனடைட்டின் மேல் அமிலம் பட்டால் நுரைத்துப் பொங்கும். ஆனால் நம் மானாவாரி நிலமெங்கும் கிடக்கும் சுக்கான் கல்லும் அப்படியே பொங்கும். இரண்டையும் பிரிக்கத் தெரிந்துகொள்வதுதான் உங்கள் முதல் பாடம். சுக்கான் கல் மண்ணோடு மண்ணாகப் புரையோடிக் கிடக்கும், உடைத்தால் உள்ளே மண் துகள்தான் தெரியும். கார்பனடைட்டை உடைத்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட படிகங்கள் மின்னும். மழையில் கால்சைட் கரைந்து பள்ளமாகிவிட, கரையாத மேக்னடைட்டும் அப்படைட்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அந்தச் சொரசொரப்பை விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பு மணியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். நுரை மெதுவாக வந்தால் கல்லைக் கத்தியால் சுரண்டித் தூளாக்கி அதன்மேல் அமிலம் விடுங்கள். அப்போது மட்டும் பொங்கினால் அது டோலமைட்.

பார்த்ததை அங்கேயே நின்று எழுதுங்கள்: நிறம், மணியின் அளவு, எந்தக் கனிமம் எத்தனை சதவீதம், பக்கத்துப் பாறையோடு எல்லை கூர்மையா மங்கலா. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதும் குறிப்பை நான் குறிப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. சாமல்பட்டியில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்ட பிள்ளைக்கும் பாடநூலில் மட்டும் படித்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் முகாமில் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

கம்பெனியை எடைபோடுவது

வேலைக்கு அழைக்கும் கம்பெனியின் பெயர் கிடைத்ததும் அதன் காசைப் பாருங்கள். தேடல் கம்பெனிகளில் பெரும்பாலானவற்றுக்கு வருமானமே கிடையாது. பங்கு விற்றுத் திரட்டிய பணத்தில்தான் துளை போடுகின்றன. பணம் தீர்ந்தால் முகாமும் மூடப்படும். ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் இருக்கும் தேடல் கம்பெனி காலாண்டுக்கு ஒருமுறை 'அப்பெண்டிக்ஸ் 5பி' என்ற பணப்புழக்க அறிக்கையை வெளியிட வேண்டும். அதன் எட்டாம் பகுதியில், கையில் உள்ள பணம் இன்னும் எத்தனை காலாண்டுக்குத் தாங்கும் என்று எண்ணாகவே போட்டிருப்பார்கள். இரண்டுக்குக் கீழே போனால் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று அங்கேயே விளக்கம் தரவேண்டும். யாரும் இலவசமாகப் படிக்கலாம். இதைப் படிக்காமல் வேலையில் சேராதீர்கள் என்பேன்.

அடுத்தது, அவர்கள் அறிவித்திருப்பது என்ன என்பது. ஆஸ்திரேலியாவின் ஜார்க் விதிமுறைப்படி கனிம வளத்துக்கு மூன்று படிகள் உண்டு. இன்ஃபெர்டு என்றால் ஊகம் அதிகம், இண்டிகேட்டட் என்றால் ஓரளவு உறுதி, மெஷர்டு என்றால் நன்றாக அளந்தது. இந்த மூன்றுக்கும் கீழே 'எக்ஸ்ப்ளோரேஷன் டார்கெட்' என்று ஒன்று வரும். அது இன்னும் வளமே இல்லை, இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே. அறிக்கையின் கடைசியில் 'காம்பிடென்ட் பெர்சன்' என்று ஒருவரின் பெயரும் தகுதியும் இருக்கும். அந்த வகைக் கனிமத்தில் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் உள்ளவர்தான் அப்படிக் கையெழுத்திடலாம். உங்கள் களக்குறிப்பின்மேல் நின்றுதான் அவர் கையெழுத்துப் போடுவார். அவர் களத்துக்கு வந்து, துளையிலிருந்து எடுத்த பாறை உருளையான கோரைப் பார்ப்பவரா என்று நேர்காணலில் கேளுங்கள். கேட்டதற்காக உங்களை ஒதுக்கும் கம்பெனியில் சேராமல் இருப்பதே நல்லது.

புறப்படும் முன்

ஏஜென்ட் மூலம் போவதென்றால் அவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் வா, அங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். ஒப்பந்தத்தில் விடுப்புச் சுழற்சி, மருத்துவக் காப்பீடு, அவசரத்துக்கு விமானத்தில் எடுத்துச்செல்லும் ஏற்பாடு மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

உகாண்டா, அங்கோலா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன்பின் ஆயுள் முழுவதும் போதும். சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மலேரியாவைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது ஆபத்து.

கோர் பெட்டியின் முன்னால்

ரிக் என்ற துளையிடும் இயந்திரத்தின் குழாய் கீழே இறங்கி, வைரப் பல் வைத்த பிட்டால் பாறையை உருளையாக அறுத்து மேலே எடுத்துவரும். அந்த உருளைதான் கோர். எச்க்யூ அளவு என்றால் விட்டம் 63.5 மில்லிமீட்டர், என்க்யூ என்றால் 47.6. ஒவ்வொரு முறை குழாயை மேலே எடுக்கும்போதும் ரிக் ஆட்கள் கோரைப் பெட்டியில் அடுக்கி, ஆழம் எழுதிய கட்டையை இடையில் வைப்பார்கள். பெட்டியில் அடுக்கும் முறை புத்தகம் படிப்பதுபோலத்தான்: இடப்பக்க மேல்மூலையில் தொடங்கி வரிவரியாக.

இங்கே நீங்கள் செய்யும் முதல் வேலை பாறையைப் பார்ப்பது அல்ல, நீளத்தை அளப்பது. 3 மீட்டர் துளைத்து 2.7 மீட்டர் கோர் வந்தால் மீட்பு 90 சதவீதம். மற்ற இடங்களில் இந்த எண் ஒரு சம்பிரதாயம்போலத் தோன்றலாம். சிதைந்த கார்பனடைட்டில் இது உயிர். ஏனென்றால் மழையும் காலமும் கால்சைட்டைக் கரைத்து எடுத்துப்போன பின் இரும்பும் மாங்கனீசும் கலந்த பழுப்பு மண்ணாக மிஞ்சும் பகுதியில்தான் பல இடங்களில் அரிய மண் கனிமங்கள் செறிந்திருக்கும். மவுண்ட் வெல்டில் தோண்டுவது அத்தகைய சிதைவுப் படலத்தைத்தான். துளைக்கும்போது தண்ணீர் வேகத்தில் முதலில் அடித்துக்கொண்டு போவதும் அந்த மண்தான். மிஞ்சிய கெட்டிக் கல்லை மட்டும் பகுத்துவிட்டு முழு 3 மீட்டருக்கும் அதே எண்ணைப் போட்டால் அது பொய்க்கணக்கு.

என் முதல் முகாமில் ரிக் ஓட்டியவர் திருச்செங்கோட்டுக்காரர். ஊரில் போர் வண்டி ஓட்டிப் பழகி, ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் துளை போட்டவர். அவருக்கு மீட்டர் கணக்கில் கூலி, வேகமாக இறங்கினால்தான் லாபம். ஒரு நாள் காலை மூன்று முறை அடுத்தடுத்துப் பாதிக் கோர்தான் வந்தது. பெட்டியில் பழுப்புக் குழம்பு வழிந்திருந்தது. நான் போய், "அண்ணா, தண்ணீரைக் குறைத்து, ஒன்றரை மீட்டராக எடுத்துப் பார்க்கலாமா?" என்றேன். "அம்மிணி, அப்படி எடுத்தால் இன்றைக்கு என் கணக்கு பாதிதான் வரும்" என்றார். நானும் விடவில்லை. "இந்த மண்ணுக்காகத்தான் அண்ணா கம்பெனி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, வெறுங்கல்லை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்?" என்றேன். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். பிறகு மூன்றடுக்குக் குழாயை மாட்டச் சொல்லி, தண்ணீரைக் குறைத்து, அரை அரை மீட்டராக எடுத்துக் கொடுத்தார். குழாயைப் பிளந்தபோது மண் கலையாமல், அதன் மெல்லிய வரிகளோடு, ஈரமாக முழுசாகப் படுத்திருந்தது. சிதைந்த பகுதிக்குத் தனிக் கூலி ஏற்பாடு செய்யும்படி மேலாளரிடம் அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். ரிக் ஆட்களிடம் அதிகாரம் காட்டாதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள். அவர்களின் கூலிக் கணக்கு உங்கள் தரத்துக்கு எதிராக நின்றால் கணக்கை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அளந்த பிறகு கோரைக் கழுவி, உலர்ந்த நிலையில் ஒரு படம், நனைத்து ஒரு படம் எடுங்கள். பெட்டி எண்ணும் ஆழமும் படத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். பின்பு லென்ஸை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அரிய மண் கனிமமான மோனசைட் தேன் நிறத்திலிருந்து செம்பழுப்பு வரை இருக்கும், கங்கன்குண்டேயில் பச்சையாகவே இருக்கிறது. இன்னொரு அரிய மண் கனிமமான பாஸ்ட்நசைட் மெழுகுபோல மஞ்சள் அல்லது பழுப்பு. இரண்டும் பல நேரம் கண்ணுக்கு எட்டாத நுண்மணிகளாகப் பரவிக் கிடக்கும்.

இதற்கு ஒரு கைமுறை சொல்கிறேன். நியோடிமியம் ஒளியின் மஞ்சள் பகுதியை விழுங்கிக்கொள்ளும். ஆகையால் நியோடிமியம் நிறைந்த கனிமம் வெவ்வேறு விளக்கின் கீழ் வெவ்வேறு நிறம் காட்டும். வெயிலில் மஞ்சள் பழுப்பாக இருந்த மோனசைட் மணியை சிஎஃப்எல் விளக்கின் கீழே கொண்டுவந்தால் பச்சை தட்டும். கோர் கொட்டகையில் ஒரு சிஎஃப்எல் விளக்கைத் தொங்கவிட்டு, சந்தேகமான துண்டை வெயிலுக்கும் விளக்குக்கும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முதல்முறை அந்த நிறம் மாறும்போது ஏற்படும் மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை. ஆனாலும் அது அடையாளம் மட்டுமே, அளவு அல்ல.

துப்பாக்கிபோலப் பிடித்துச் சுடும் எக்ஸ்ரே கருவியும் அப்படியே. லாந்தனம், சீரியம், இட்ரியம் ஆகியவற்றைக் காட்டும். கனமான தனிமங்களில் அதை நம்ப முடியாது. எந்த மீட்டரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று முடிவுசெய்யப் பயன்படுத்துங்கள். கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு கருவியை இயக்காதீர்கள், அது எக்ஸ்ரே.

பையில் போடுவது

கோரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதி ஆய்வுக்கூடத்துக்கு, மறு பாதி பெட்டியில். எப்போதும் ஒரே பக்கத்தை அனுப்புங்கள். பளபளக்கும் பக்கத்தைத் தேடி அனுப்பும் ஆசையை மனதிலேயே நசுக்கிவிடுங்கள். மாதிரியின் நீளம் வழக்கமாக 1 மீட்டர். ஆனால் பாறை மாறும் இடத்தில் எல்லையைத் தாண்டி ஒரே பையில் போடாதீர்கள்.

மறு பாதியை ஏன் இவ்வளவு பத்திரமாக வைக்கிறோம்? இந்தோனேசியாவின் புசாங்கில் தங்கம் இருப்பதாகச் சொன்ன பிரி-எக்ஸ் கம்பெனி முழுக் கோரையும் அரைத்து அனுப்பியது. ஒப்பிட்டுப் பார்க்கப் பாதி மிஞ்சவில்லை. அரைத்த தூளில் வெளித் தங்கம் கலக்கப்பட்டது 1997இல் வெளியே வந்தபோது எத்தனையோ பேரின் சேமிப்பு போய்விட்டது. கனிம அறிவிப்புகளுக்கான கனடாவின் 43-101 என்ற கடும் விதிமுறை 2001இல் வந்தது அதன் பிறகுதான்.

ஒவ்வொரு இருபது பைக்கும் ஏறத்தாழ ஒரு சோதனைப் பை வீதம் மூன்று வகை சேர்ப்பார்கள். அரிய மண் இல்லாத வெற்றுக் கல், அளவு முன்பே தெரிந்த சான்றிட்ட தூள், ஒரே மாதிரியின் இரட்டை. வெற்றுக் கல்லை மிகச் செறிவான மாதிரிக்கு அடுத்ததாக வையுங்கள். அரவை இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் அடுத்ததை அரைத்தார்களா என்பதை அது காட்டிக்கொடுக்கும். வெற்றுக் கல்லாகக் கிரானைட்டைப் பயன்படுத்தவே கூடாது. நம் பர்கூர்க் கிரானைட் ஆனாலும் சரி, எந்த ஊர்க் கிரானைட் ஆனாலும் சரி, அதில் சீரியமும் லாந்தனமும் இயல்பாகவே இருக்கும். புவியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறைய செம்பின் அளவுக்கு உண்டு. தூய குவார்ட்ஸ் தேடுங்கள்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகும் படிவத்தில் எந்த முறையில் கரைக்க வேண்டும் என்பதை நீங்களே எழுதுங்கள். மோனசைட்டும் சிர்கானும் சாதாரண அமிலத்தில் முழுதாகக் கரையாது. லித்தியம் போரேட்டோ சோடியம் பெராக்சைடோ சேர்த்து உருக்கி, பிறகு ஐசிபி-எம்எஸ் கருவியில் அளக்கவேண்டும். இல்லாவிட்டால் இருப்பதையே இல்லை என்று சொல்லிவிடும். பைகளை மூட்டையில் கட்டி எண்ணிட்ட முத்திரை போடுங்கள். லாரி ஓட்டுநர், கிடங்குக்காரர், ஆய்வுக்கூடம் என்று கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்குங்கள்.

வந்த எண்ணைப் படிப்பது

ஆய்வுக்கூடம் தனிமமாகச் சொல்லும், கம்பெனி ஆக்சைடாக அறிவிக்கும். நியோடிமியத்தை 1.1664ஆல் பெருக்கினால் ஆக்சைடு, டிஸ்புரோசியத்தை 1.1477ஆல், சீரியத்தை 1.2284ஆல். 1,000 பிபிஎம் நியோடிமியம் என்றால் 1,166 பிபிஎம் ஆக்சைடு. 10,000 பிபிஎம் என்பது 1 சதவீதம். யார் கொடுத்த அட்டவணையிலும் இது தனிமமா ஆக்சைடா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகவேண்டும்.

எல்லா ஆக்சைடையும் கூட்டி 'டிஆர்இஓ' என்று ஒரே எண்ணாகச் சொல்வார்கள். அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். கார்பனடைட் வகைகளில் கூட்டுத்தொகையின் பெரும்பகுதி விலை குறைந்த சீரியமும் லாந்தனமும்தான். காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்ந்து அதில் எத்தனை பங்கு என்று பாருங்கள். நமீபியாவின் லோஃப்தால்போல செனோடைம் என்ற கனிமம் இருக்கும் இடத்தில் மொத்த எண் சிறியதாக இருந்தாலும் டிஸ்புரோசியமும் டெர்பியமும் அதிகம் என்பதால் அதற்குத் தனி மதிப்பு. துளையில் '40 மீட்டர்' என்று வந்தால் அது துளையின் நீளம். துளை படுகையைச் சாய்வாக வெட்டியிருந்தால் உண்மையான தடிமன் அதைவிடக் குறைவு. எந்தக் கனிமத்தில் இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க முடியுமா என்பது இவை எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி.

களிமண் வகை இருப்பு தனிக் கதை. தென்சீனாவின் ஜியாங்ஷி, உகாண்டாவின் மக்கூட்டு, பிரேசிலின் செர்ரா வெர்தே ஆகிய இடங்களில் தனிமங்கள் களிமண்ணின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கல்லை உடைக்கவேண்டாம், அம்மோனியம் சல்பேட் கரைசலே பிரித்துவிடும். அங்கே மொத்த அளவைவிட அந்தக் கரைசலில் எவ்வளவு வெளிவந்தது என்ற சோதனைதான் முக்கியம். மேல் மண்ணில் சீரியம் மட்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்து தங்கிவிடுவதால், மேலே எண் பெரிதாக இருந்து பயன் சிறிதாக இருப்பது சாதாரணம்.

இன்னொன்று: பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் பகுப்பாய்வு முடிவு வெளியாகும் முன் அதை யாரிடமும் சொல்லக்கூடாது. அப்பா, மாமா, கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழு, எவரும் விலக்கல்ல. அதை வைத்துப் பங்கு வாங்கினால் சட்டப்படி குற்றம்.

தோரியமும் தூசியும்

அரிய மண் இருக்கும் இடத்தில் தோரியமோ யுரேனியமோ கூடவே வருவது வழக்கம். மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் கிடைக்கும் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8, 9 சதவீதம் வரை உண்டு. கார்பனடைட் மோனசைட்டில் பல இடங்களில் அதைவிட மிகக் குறைவு. அளக்காமல் எதையும் சொல்லக்கூடாது. கோர் கொட்டகையில் காமா அளவி இருக்கிறதா, உங்கள் சட்டையில் குத்தும் கதிர்வீச்சு அட்டை தருகிறார்களா என்று பாருங்கள். இந்த வேலையில் இருப்பவருக்கு 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்பது உலக அளவிலான வரம்பு, பொதுமக்களுக்கு 1. அட்டையில் பதிவான அளவைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள்.

நான் அதைவிட அதிகம் பயப்படுவது தூசிக்கு. என் அப்பா பர்கூர்ப் பக்கம் கிரானைட் குவாரியில் மேஸ்திரியாக இருந்தார். கல் தூசியில் நுரையீரல் போனவர்களைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கோர் அறுக்கும்போது தண்ணீர் நிற்கக்கூடாது. காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, நனைத்து வழிக்கவேண்டும். முகத்தில் சரியாகப் பொருந்தும் மாஸ்க் இல்லாமல் அறுவைக் கொட்டகைக்குள் நுழையாதீர்கள். உங்களோடு வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்கும் அதே மாஸ்க் வாங்கித் தரச் சொல்லுங்கள். கொட்டகையில் சாப்பிடாதீர்கள், கையைக் கழுவாமல் பீடி, வெற்றிலை எதையும் வாயில் வைக்க விடாதீர்கள்.

அந்த ஊர்க்காரர்கள்

துளை போடும் இடம் யாருடைய கம்பங்காடோ, மக்காச்சோளக் கொல்லையோ. ரிக் போகப் பாதை வெட்டும் முன் ஊர்த் தலைவரோடு நடந்துபோய், வெட்டப்போகும் ஒவ்வொரு மரத்தையும் எண்ணி எழுதி, நிலத்துக்காரரின் கையெழுத்தோ கைரேகையோ வாங்கவேண்டும். கல்லறைகள், நீரூற்று, சாமிமரம் எங்கே என்று கேளுங்கள், வரைபடத்தில் குறியுங்கள். சிப்காட்டுக்கு நிலம் எடுத்த கதை நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நிலம் போகுமோ என்ற கவலை ஒரு குடும்பத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தான்சானியாவில் பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிக்கமோ' என்று வணங்குவார்கள், 'மரஹாபா' என்று பதில் வரும். போன முதல் நாளே அதைப் பழகுங்கள். சுரங்கம் எப்போது வரும், எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பார்கள். தேடல் வெற்றியடையாமலே முடிவதுதான் பெரும்பான்மை என்று உள்ளதைச் சொல்லுங்கள். வாக்குறுதி கொடுப்பது உங்கள் வேலை அல்ல.

மக்களின் சந்தேகத்துக்கு வரலாறு உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் புக்கிட் மேராவில் அரிய மண் ஆலை ஒன்று கதிரியக்கக் கழிவைக் கையாண்ட விதத்தை எதிர்த்து மக்கள் பல ஆண்டு போராடினார்கள், 1994இல் ஆலை மூடப்பட்டது. கிரீன்லாந்தில் குவானேஃபெல்ட் என்ற மிகப் பெரிய இருப்பு, யுரேனியம் 100 பிபிஎம்முக்கு மேல் உள்ள கனிமத்தை எடுக்கத் தடைசெய்து 2021இல் வந்த சட்டத்தால் நின்றுபோனது. கதிர்வீச்சு பற்றி ஊரில் யாராவது கேட்டால் உங்களிடம் இருக்கும் அளவை அவர்கள் முன்னால் கருவியை வைத்தே காட்டுங்கள்.

துளை முடிந்ததும் குழாயின் வாயை மூடி, துளை எண்ணைப் பொறித்து, சேற்றுக் குழியை அதே மண்ணால் நிரப்பி, மேல் மண்ணை மேலேயே போட்டு, முன்னும் பின்னும் படம் எடுத்துவையுங்கள். திறந்து கிடக்கும் சேற்றுக் குழியில் ஓர் ஆடு விழுந்தாலும் அந்த ஊரில் கம்பெனியின் பேச்சுக்கு மதிப்பு போய்விடும்.

கிளம்பும்போது

ஒப்பந்தம் முடிந்து புறப்படும்போது எத்தனை மீட்டர் கோர் பார்த்தீர்கள், எந்த வகைத் துளை, எந்த வகைக் கனிமம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று விவரமாக எழுதிய அனுபவக் கடிதத்தைக் கையெழுத்தோடு வாங்குங்கள். பிற்காலத்தில் காம்பிடென்ட் பெர்சன் ஆவதற்கான 5 ஆண்டைக் காட்ட அதுதான் ஆதாரம். கதிர்வீச்சு அட்டையின் மொத்தப் பதிவையும் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த கம்பெனி கேட்கும். மாதிரிக் கல் எதையும் பெட்டியில் போட்டு வராதீர்கள். அது கம்பெனியின் சொத்து, நாட்டைவிட்டு எடுத்துவர அனுமதியும் வேண்டும். களக்குறிப்பேடும் கம்பெனியுடையதுதான். ஒப்படைக்கும் முன் உங்களுக்கு அடுத்து வருபவருக்குப் புரியும்படி துளை எண், குறியீடு, சுருக்கெழுத்து எல்லாவற்றுக்கும் விளக்கத்தை முதல் பக்கத்தில் எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள்.